திருகோணமலையில் ஒரு கடலிலிருந்து மற்றக் கடலுக்கு

திருகோணமலைக்கு வருகிற பலர் நேரே நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, ஊரின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து பாருங்கள் என்பேன்.

சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் வாருங்கள். வாடைக்காற்று எழும்பிவிட்டால் கடல் கால் வைக்க விடாது.

விடியுமுன்னே பிரெட்ரிக் கோட்டை வாசலால் ஏறத் தொடங்குங்கள். வழியில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். சாப்பாட்டுப் பொதியை நீட்டாதீர்கள், பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும். கோணேசர் கோயிலடியில் நின்று சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பாருங்கள். இறங்கும்போது கோட்டைச் சுவரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களும் இந்தக் கோட்டைக்குள் போயின. பிறகு ஒல்லாந்தர், 1782இல் கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறியது.

இத்தனை பேர் இந்த ஊருக்காக ஏன் அடிபட்டார்கள்? அதை அறியத்தான் நடக்கச் சொல்கிறேன். டச்பே கடற்கரையில் அலைச் சத்தத்தைக் காது நிறையக் கேளுங்கள். அப்புறம் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, ஊருக்குள்ளால் மேற்கே நடந்தால் இருபது நிமிஷத்துக்குள் உட்துறைமுகம் வந்துவிடும். அங்கே தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். சுற்றிவர மேட்டுநிலம் காற்றை மறிக்கிறது, ஆழமும் நிறைய. எந்த மாரியிலும் பெரிய கப்பல் ஒதுங்கி நிற்கலாம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட வந்ததும் இந்தத் துறைமுகத்தைத் தேடித்தான். கடற்படையின் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். அந்தக் கட்டடமே ஒல்லாந்தர் காலத்தது.

வெயில் தாழ்ந்ததும் நிலாவெளி பஸ் ஏறலாம். உப்புவெளியில் இறங்கி யுத்த மயானத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், கடலோடிகள் பலர் அங்கே உறங்குகிறார்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவை மறுநாள் காலைக்கு வையுங்கள். அங்கே பவளப்பாறையில் கால் ஊன்றவே கூடாது.

நிலாவெளியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கரையோர மணல்மேட்டில் ஊதாப் பூவோடு அடம்பன் கொடி படர்ந்திருக்கும். சின்ன வயதில் ஒரு கொடியைப் பிடித்து இழுத்தேன். முழம் முழமாக வந்ததே தவிர அடி வரவில்லை. கணுவுக்குக் கணு வேர் மணலுக்குள் இறங்கியிருந்தது. அம்மம்மா என் கையைத் தட்டிவிட்டு, "இதுதான் மேட்டைப் பிடிச்சு வச்சிருக்கு" என்றார். கொடியை மிதித்து ஏறாதீர்கள். வள்ளக்காரர் நடந்து பதிந்த தடம் பக்கத்திலேயே இருக்கும், அதால் தண்ணீருக்கு இறங்குங்கள்.