எஸ்டேட் ஏரிக் கரை: அழகுக்காகச் செய்யும் தவறுகள்

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டம் வாங்குகிறவர்களுக்கு வீடு கட்டி முடித்ததும் அடுத்த ஆசை ஓர் ஏரி. பள்ளத்துக்குக் குறுக்கே மண்கரை, ஒரு பெடல் படகு, கொஞ்சம் மீன், கரைமேல் உட்கார பெஞ்ச். ஒரு ஏக்கர் பரப்பும் சராசரியாக 3 மீட்டர் ஆழமும் இருந்தால் அதில் 1 கோடியே 20 லட்சம் லிட்டர் நிற்கும். ஆயிரம் டேங்கர் லாரித் தண்ணீர். அதற்குக் கீழே யாருடைய வீடு இருக்கிறது என்று கேட்டால் பல உரிமையாளர்கள் யோசிக்கிறார்கள்.

2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றுக்கும்தான். உங்கள் ஆறு மீட்டர் கரையை அந்தச் சட்டத்தின்படி யாரும் சோதிக்க வரமாட்டார்கள். அதனால் பொறுப்பு குறையவில்லை. முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. (ஓடைப் புறம்போக்கை அனுமதியில்லாமல் மறிப்பதும், மலைக் கிராமத்தில் கேட்காமல் ஜேசிபி இறக்குவதும் தனி வம்பு. முதலில் தாலுகா அலுவலகம், பிறகு மற்றதெல்லாம்.)

தவறுகளில் பெரியது மறுகாலை, அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் வழியை, சின்னதாக வைப்பது. கரைக்குள் ஓர் ஆறு இஞ்ச் பிவிசி குழாயைப் பதித்துவிட்டு 'மிச்சத் தண்ணி அதுல போயிடும்' என்பார்கள். கணக்குப் போடுவோம். ஏரிக்கு நீர் தரும் சரிவு 10 ஹெக்டேர், ஐப்பசி அடைமழையில் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிமீட்டர் கொட்டுகிறது, பாதி மண்ணுக்குள் போகிறது என்றே வையுங்கள். அப்படியும் விநாடிக்குச் சுமார் 1,400 லிட்டர் ஏரிக்குள் வரும். அந்தக் குழாய் விநாடிக்கு 30, 40 லிட்டர் தள்ளினால் பெரிய விஷயம். இந்த வெள்ளம் ஓரடி ஆழத்தில் வழிந்து போக வேண்டுமானால் மறுகால் 5 மீட்டர் அகலம் வேண்டும். அதுவும் புதிதாகக் கொட்டிய மண்ணில் இல்லாமல், கரையின் ஓரத்தில் வெட்டப்படாத கெட்டி நிலத்தில். மண்கரைக்கு மேலே தண்ணீர் ஏறிவிட்டால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

சரியான அகலத்தில் மறுகால் வைத்தவர்களும் அதை அடைத்துக் கெடுக்கிறார்கள். மீன் வெளியே போகிறதாம்; வலை கட்டுவார்கள். சீகை இலையும் சருகும் முதல் மழையிலேயே அந்த வலையைச் சுவராக்கிவிடும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணைக்கு நடந்தது இதுதான். பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்று அதைப் பொழுதுபோக்கு ஏரியாக வைத்திருந்தது. அணையின் அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய்களை முந்தைய உரிமையாளர் கழற்றி விற்றுவிட்டார். சங்கம் திரும்பப் போடவில்லை. குதிரை வண்டிகள் போகக் கரையின் மேற்பகுதியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்க மறுகாலில் கம்பித் தடுப்பு. 1889 மே 31 அன்று பெருமழையில் கரை உடைந்து, கீழே ஜான்ஸ்டவுன் ஊரில் 2,209 பேர் இறந்தார்கள். அங்கே நடந்த ஒவ்வொரு வேலையையும் நம் மலையில் இன்றைக்கும் யாராவது 'அழகு படுத்துறோம்' என்று செய்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது கசிவு. வாட்ச்மேன் வந்து "கரைக்கு அந்தப் பக்கம் ஊறுதுங்க" என்றால், "சிமெண்ட் பூசி அடைச்சிருப்பா" என்பதே வழக்கமான பதில். இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். வெளிவாயை அடைத்தால் தண்ணீர் கரைக்குள்ளேயே தேங்கி, மண்ணை ஊறவைத்து வேறு இடத்தில் பிதுங்கும். பார்க்க வேண்டியது நிறத்தை. கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தெளிவாகவே இருந்தால், ஒரு பக்கெட் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாரா வாரம் நோட்டில் எழுதி வந்தால் போதும். அடியில் செம்மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிபட்டு, குழாய் போல வழி திறக்கிறது என்று பொருள். அன்றைக்கே நீர்மட்டத்தை இறக்கத் தொடங்கி, மண்கரை தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை ஊறும் இடத்தின்மேல் மணலும் அதற்கு மேல் ஜல்லியும் பரப்பலாம். தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும்.

இறக்குவதிலும் அவசரம் கூடாது. மீன் பிடிக்கவோ வண்டல் அள்ளவோ ஒரே நாளில் ஏரியைக் காலி செய்தால், ஊறிய உட்சரிவு தாங்கும் தண்ணீர் இல்லாமல் சரிந்து விழும். நாளுக்கு ஓரடிக்கு மேல் வேண்டாம். கரை உடையும் நிலை வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. கீழே இருப்பவர்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

கரைமேல் மரம் வளர விடாதீர்கள். யூகலிப்டஸோ சீகையோ, வெட்டிய பிறகு வேர் மக்கி அந்த இடம் பொந்தாகும். புல்தான் சரி. புல்லைக் குட்டையாக வெட்டி வைத்தால் நண்டு வளை, பெருச்சாளி வளை, காட்டுப்பன்றி கிளறிய இடம் எல்லாம் கண்ணில் படும். வளையில் கல்லைத் திணிப்பது வேலையாகாது. தோண்டிப் பிரித்து, களிமண்ணை ஈரப்பதத்தோடு அடுக்கடுக்காகக் குத்தி நிரப்ப வேண்டும். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கரையின் அடிவாரத்தைச் செதுக்குகிறவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

விருந்தாளிகள் விஷயத்தில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடிமதகு, அதாவது ஏரியின் அடியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு வைத்த குழாய். வால்வு திறந்திருக்கும்போது குழாய் வாயருகே நீந்துகிறவரை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நல்ல நீச்சல்காரராலும் மீள முடியாது. அங்கே கம்பிக்கூடு போடுங்கள். திறக்கும் நாளில் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். கரைக்கு நேர் கீழே பள்ளத்தில் டென்ட் போட்டு வாடகைக்கு விடுவதை உடனே நிறுத்துங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் அடிமதகு வால்வை ஒருமுறை முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு தேவைப்படும் இரவில் அசையாது. கீழே இருக்கும் வீடுகளின் போன் நம்பர்களை உங்கள் செல்லில் மட்டும் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போய்விடாமல், வாட்ச்மேன் குடிசைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மழையில் சிக்னல் போகும் என்பதால், ஓடிப்போய்ச் சொல்ல ஓர் ஆளையும் முன்பே பேசி வையுங்கள்.