கோழிவலைக்குள் டென்னிஸ்: பிளாட்ஃபார்ம் டென்னிஸ் மேடை கட்டும் முறை

பிளாட்ஃபார்ம் டென்னிஸ் என்பது கம்பிவலை சூழ்ந்த உயரமான மேடையில், குளிர்காலத்திலும் வெளியில் ஆடும் ஒரு மட்டையாட்டம். அதற்கு மேடை கட்டுகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும் இடம் ஒன்று உண்டு: அளவு. ஆடுகளத்தின் கடைசிக் கோட்டுக்கும் பின்பக்கக் கம்பிவலைக்கும் நடுவே எட்டு அடிதானே இருக்கிறது, நிலம் இருக்கும்போது பத்தாக்கினால் என்ன என்று தோன்றும். தொடாதீர்கள். அந்த நெருக்கம் இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை.

அது எப்படி வந்தது என்று தெரிந்தால் கட்டுவது எளிது. 1928-இல் நியூயார்க் நகருக்கு வடக்கே ஸ்கார்ஸ்டேலில், ஜேம்ஸ் காக்ஸ்வெல்லும் ஃபெசன்டன் பிளாஞ்சர்டும் பனிக்காலத்திலும் வெளியில் ஆடுவதற்காகக் காக்ஸ்வெல் வீட்டு நிலத்தில் ஒரு மரமேடை போட்டார்கள். பாறைச் சரிவான இடம், அதனால் முதல் மேடை இன்றைய அளவைவிடச் சிறியது. பாட்மின்டன் ஆடிப் பார்த்தார்கள். இறகுப்பந்து காற்றுக்கு நிற்கவில்லை. ஃபிராங்க் பீல் சிறுவர்களுக்கென்று உருவாக்கிய பேடில் டென்னிஸின் மரமட்டையையும் ஸ்பாஞ்ச் ரப்பர் பந்தையும் எடுத்துக்கொண்டார்கள். பந்து சரிவில் உருண்டோடியதால் சுற்றிலும் கோழிவலை கட்டினார்கள். வலை வந்ததும் பின்னால் நகர இடமில்லை. அதற்குப் பிறந்ததுதான் இந்த விதி: கோட்டுக்குள் ஒருமுறை குத்தி எழும்பிய பந்து கம்பிவலையில் பட்டுத் திரும்பினாலும், மறுபடி தரை தொடும் முன் அடிக்கலாம்.

மேடை 60 அடிக்கு 30 அடி. அதன் நடுவில் ஆடுகளம் 44 அடிக்கு 20 அடி. பாட்மின்டன் இரட்டையர் களத்தின் அதே அளவு. பின்னால் 8 அடி, பக்கத்தில் 5 அடி மிஞ்சும். மேடையை வடக்கு தெற்காக நீட்டிப் போடுங்கள். குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருக்கும். கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரு பக்கத்து ஆட்டக்காரருக்குக் கண் கூசும்.

மூலைமட்டத்தை நம்பி மட்டும் சட்டம் அடிக்க வேண்டாம், மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். மேடைக்கு 67 அடி 1 அங்குலம், ஆடுகளத்துக்கு 48 அடி 4 அங்குலம் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்து வராவிட்டால் கம்பிவலை ஒரு மூலையில் தொய்யும். அதைப் பிறகு எந்த இழுப்பும் சரிசெய்யாது.

மேடை தரையை விட்டு உயர்ந்தே நிற்க வேண்டும். பனி உருகிய நீர் வடியவும் அடியில் காற்று ஓடவும் அதுதான் வழி. பலகைகளை ஒட்டி அடிக்காமல் கால் அங்குல இடைவெளி விடுங்கள். ஒட்டி அடித்த பலகை ஈரத்தில் உப்பி ஒன்றையொன்று தள்ளும், நீர் தேங்கி உறையும். 1970-களிலிருந்து மரத்தின் இடத்தை அலுமினியம் பிடித்துவிட்டது. அடியில் எரிவாயு ஹீட்டர் வைத்து, வெப்பம் வெளியேறாமல் மேடையின் கீழ்ப்பக்கத்தைச் சுற்றி மூடிவிட்டால் பனி தானாக உருகும். மரமேடைக்கு இந்த வசதி கிடையாது.

மேற்பரப்புக்குப் பெயின்ட்டில் பொடிக்கல் கலந்து பூச வேண்டும். குறைந்தால் வழுக்கும். கூடினால் ஷூ சட்டென்று பிடித்துக்கொண்டு முழங்கால் திருகும், பந்தும் சீக்கிரம் தேயும். பனியை இரும்பு மண்வாரியால் சுரண்டினால் பெயின்ட்டோடு பொடியும் வந்துவிடும். பிளாஸ்டிக் வாரியோ துடைப்பமோ போதும். உப்பு தூவவே கூடாது, உலோகத்தை அரித்துவிடும்.

கோடுகள் 2 அங்குல அகலம். நெட்டிலிருந்து 12 அடியில் சர்வீஸ் கோடு. ஒவ்வொரு சர்வீஸ் கட்டமும் 8 அடி அகலம், இரு ஓரங்களிலும் 2 அடிப் பட்டை. நெட்டின் உயரம் நடுவில் 34 அங்குலம், கம்பங்களில் 37. ஆடும் முன் நடுவில் அளந்துவிடுங்கள். சர்வ் ஒன்றே ஒன்றுதான், இரண்டாம் வாய்ப்பு கிடையாது. இவ்வளவு சிறிய களத்தில் இரண்டு கொடுத்தால் சர்வ் போடுபவர் கை மிக ஓங்கிவிடும்.

கம்பிவலைதான் அதிகக் கவனம் கேட்கும் வேலை. உயரம் 12 அடி, ஒரு அங்குல அறுகோணக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய கம்பி. தூண்களை வலைக்கு வெளியே நிறுத்துங்கள்; உள்ளே நின்றால் பந்து தூணில் பட்டுக் கண்ட திசைக்கும் ஓடும். மேலே கட்டிவிட்டு, கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாத் துண்டுகளையும் மாறி மாறி இழுங்கள். ஒரு துண்டை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் துண்டு தளர்ந்திருக்கும். தொய்ந்த வலையில் பந்து செத்து விழும், மிகை இறுக்கத்தில் தெறித்து ஓடும். நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் பந்தை எறிந்து, அது எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று ஒப்பிட்டால் குறை தெரிந்துவிடும். வலையின் அடியில் கீல் வைத்த பலகைகள் இருக்கட்டும். தூக்கிவிட்டுப் பனியை அதன் வழியே தள்ளிவிடலாம்.

ஒரு வீட்டு மேடை பொது ஆட்டமானது கிளப்புகளால்தான். ஸ்கார்ஸ்டேலின் ஃபாக்ஸ் மெடோ டென்னிஸ் கிளப் 1931-இல் மேடை கட்டியது. 1934-இல் இந்த ஆட்டத்துக்கென்று அமெரிக்கச் சங்கம், 1935-இல் முதல் தேசியப் போட்டி. கோடையில் மட்டும் உயிரோடிருந்த கிளப்புகளுக்குக் குளிர்கால ஆட்டம் ஒன்று கிடைத்தது. நீங்களும் கிளப்புக்காகக் கட்டினால் ஒரு மேடையோடு நிறுத்தாதீர்கள். ஒரு மேடையில் நான்கு பேர்தான் ஆடலாம், மற்றவர்கள் குளிரில் நிற்பார்கள். இரண்டு மேடை, நடுவே கணப்புள்ள ஒரு சிறு குடில் என்பதே வழக்கமான ஏற்பாடு.

சாமான் வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் இதையும் பேடில் டென்னிஸ் என்றே சொன்னார்கள், பீலின் ஆட்டத்தோடு குழம்பியது. 1950-இல்தான் சங்கத்தின் பெயரில் 'பிளாட்ஃபார்ம்' சேர்ந்தது. ஆடுகிறவர்கள் இன்றும் சுருக்கமாகப் பேடில் என்கிறார்கள். கடைக்காரர் அதைக் கேட்டு, பீலின் ஆட்டத்தில் பின்னாளில் வந்த காற்றிறக்கிய டென்னிஸ் பந்தையோ, மெக்சிகோவில் பிறந்து கண்ணாடிச் சுவருக்குள் ஆடும் ‘பாடெல்’ (padel) என்ற ஆட்டத்தின் மட்டையையோ எடுத்து நீட்டலாம். உங்களுக்கு வேண்டியது காற்றடைக்காத, உள்ளே முழுக்க ரப்பரான, மேலே மெல்லிய பஞ்சுப் பூச்சுள்ள பந்து. குளிர் கூடக் கூட அது விறைத்துத் தாழ்வாகவே எழும்பும்.