துடிப்பு எண்ணை மட்டும் நம்பி மிதிக்காதீர்கள்

சைக்கிள் பயிற்சிக்காக ஹார்ட் ரேட் மானிட்டர் வாங்கியதும் பலரும் செய்வது, 220-லிருந்து வயதைக் கழித்து, வரும் விடையைத் தன் உச்சத் துடிப்பு என்று நம்பிவிடுவது. அது பலரின் சராசரிக் கணக்கு. தனி ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். 40 வயதுக்காரருக்குக் கணக்கு 180 என்று சொல்லும். அவருடைய உண்மையான உச்சம் 192 என்றால், அவர் போட்டுக்கொண்ட மண்டலங்கள், அதாவது லேசானது முதல் கடுமையானது வரை பயிற்சியைப் பிரிக்கும் துடிப்பு வரம்புகள், எல்லாமே தப்பு. நன்றாக உடலைச் சூடேற்றிவிட்டு 30 நிமிடம் சீராக, முடிந்த அளவு வேகமாக ஓட்டுங்கள். கடைசி 20 நிமிடச் சராசரித் துடிப்பை வைத்து மண்டலம் பிரித்தால் அது உங்களுடையதாக இருக்கும். இதய நோய், நெஞ்சு வலி இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் இதைச் செய்யவே கூடாது.

இன்னொரு தவறு, வெயிலைக் கணக்கில் எடுக்காதது. மே மாதத்தில் ஈசிஆர் சாலையில் மகாபலிபுரம் பக்கம் போகிறேன் என்று வையுங்கள். காலை ஆறு மணிக்கு 138 காட்டும். எட்டு மணிக்கு அதே வேகம், அதே கியர், ஆனால் 153. வியர்வையில் நீர் குறைகிறது, உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, அதனால் இதயம் கூடுதலாக அடிக்கிறது. இதைப் பார்த்து ‘உடம்பு தேறவே இல்லை’ என்று கவலைப்பட வேண்டாம். தண்ணீர் குடியுங்கள், வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஒரு நிமிட வேகப் பயிற்சியில் துடிப்பைப் பார்ப்பதே வீண். கால் முழு பலத்தோடு மிதிக்கும்போது எண் பின்னாலேயே மெதுவாக ஏறி வரும். அது ஏறவில்லையே என்று இன்னும் அழுத்துபவர்கள் இரண்டாவது சுற்றிலேயே சோர்ந்துபோவார்கள். இங்கே மூச்சுதான் அளவு.

கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு எத்தனை முறை பெடல் சுற்றுகிறது என்ற விஷயத்தில், பந்தய வீரர்களைப் பார்த்து 70-லிருந்து ஒரே நாளில் 95-க்குத் தாவாதீர்கள். இடுப்பு சீட்டில் குதிக்கும், வேகம் கூடாமலே துடிப்பு ஏறும். சில வாரங்களுக்கு ஐந்தைந்தாகக் கூட்டினால் போதும். மறுபக்கம், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கனமான கியரில் 50-ல் மிதித்தால் துடிப்பு அடக்கமாகத்தான் தெரியும். பாரத்தைச் சுமப்பது தொடையும் முழங்காலும்.

‘எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது’ என்ற உணர்வை வெறும் ஊகம் என்று தள்ளுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் 6 முதல் 20 வரை அமைத்த அளவுகோலில், சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய துடிப்பு வரும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எண் சொல்வது மட்டும் கூடாது. முதலில் உணர்வைச் சொல்லுங்கள், அப்புறம் திரையைப் பாருங்கள்.

இரண்டும் ஒத்துப்போகாத நாள் வரும். கால் ஈயமாகக் கனக்கிறது, உணர்வு 17 என்கிறது, துடிப்போ 135-ஐத் தாண்டவில்லை. ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று நினைத்து அன்று அழுத்தவே அழுத்தாதீர்கள். பெரும்பாலும் அது முந்தைய நாட்களின் களைப்பு. சைக்கிளைத் திருப்பி வீட்டுக்குப் போய், சாப்பிட்டுத் தூங்குங்கள்.