ஸ்பானர் இல்லாமல் கழற்றி மாட்டும் பைக் சீட்: வீட்டிலேயே செய்துகொள்ளலாம்

பைக்கில் பியூஸ் போனாலும், பேட்டரி இறங்கினாலும், ஏர் பில்டரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றாலும் முதலில் கழற்ற வேண்டியது சீட்டைத்தான். சாவியைத் திருகினால் சீட் கையோடு வந்துவிடுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் எத்தனையோ வண்டிகளில் சீட்டைப் பின்னால் இரண்டு போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கிறார்கள், அந்தப் போல்ட்டைத் தொடுவதற்கே இரண்டு பக்க மூடிகளையும் பிடுங்க வேண்டும், பிடுங்கும்போது மூடியின் பிளாஸ்டிக் முளை ரப்பர் குழிக்குள்ளேயே உடைந்து நின்றுவிடும். ஒருமுறை இரவில் நடுவழியில் எனக்குப் பியூஸ் போனது. மாற்றுப் பியூஸ் சீட்டுக்கு அடியில் இருந்தது, சீட்டைக் கழற்றும் ஸ்பானரும் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்த மறுநாள் இந்த வேலையை ஆரம்பித்தேன். அதற்கப்புறம் பல விதமாகச் செய்து பார்த்ததில் எது நிற்கும், எது நிற்காது என்று எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது.

டிரில்லை எடுப்பதற்கு முன்னால் உங்கள் சீட் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலான சீட்டுகளுக்கு முன்பக்கம் ஒரு நாக்கு இருக்கும், அது டேங்குக்குப் பின்னால் பிரேமில் உள்ள ஒரு குறுக்குக் கம்பிக்கோ பட்டைக்கோ அடியில் நுழையும். சீட்டின் அடியில் நாலைந்து ரப்பர் கால்கள் பிரேம் மேல் உட்கார்ந்திருக்கும். உங்கள் எடையைத் தாங்குவது அந்த ரப்பர் கால்கள்தான். பிரேக் பிடிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் சீட் முன்னும் பின்னும் நகராமல் பார்த்துக்கொள்வதில் பெரும் பங்கு நாக்குக்கு. பின்னால் இருக்கிற போல்ட்டுக்கு முக்கியமான வேலை, சீட்டின் பின்பக்கம் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்வது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, சீட்டை அதன் இடத்தில் வைத்து மேலே உட்காருங்கள். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைந்து பாருங்கள். சீட் கிட்டத்தட்ட அசையவே இல்லை என்றால் நல்லது, மாற்றிச் செய்யப்போகிற பூட்டு மேல்நோக்கிய இழுப்பை மட்டும் தாங்கினால் போதும். அசைகிறது என்றால் ரப்பர் கால்கள் நசுங்கியிருக்கும், இல்லை முன் நாக்கு தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். பக்கவாட்டு ஆட்டத்தையும் புதுப் பூட்டே தாங்க வேண்டிவந்தால் அது சீக்கிரம் தளர்ந்துவிடும்.

மேல்நோக்கிய இழுப்பு என்றால் சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். பலர் சென்டர் ஸ்டாண்டு போடும்போது சீட்டின் அடிவிளிம்பைப் பிடித்துத்தான் வண்டியைத் தூக்கி இழுக்கிறார்கள், அப்போது வண்டியின் எடையில் ஒரு நல்ல பங்கு சீட் பூட்டின் மேல் வரும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் சீட்டின் குறுக்கே போகும் வார்ப்பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் திடீரென்று வேகம் எடுத்தாலும் அதே கதைதான். ஆகவே பூட்டு எளிதாகத் திறக்க வேண்டும், ஆனால் தானாகத் திறக்கவே கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் நான் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் சீட் போல்ட்டே பின் கைப்பிடிக் கம்பியையோ மட்கார்டையோ சேர்த்துப் பிடித்திருக்கும். அப்படி இருந்தால் அந்தப் போல்ட்டைக் கையால் திருகும் எதற்கும் மாற்றவே கூடாது. கைப்பிடிக் கம்பியைத் தனி போல்ட்டால் முடுக்க வழி இருந்தால் மட்டும் சீட்டைப் பிரித்து யோசிக்கலாம்.

எல்லாவற்றிலும் எளிதான வழி கைத்திருகு. அறுகோணத் தலை போல்ட்டுக்குப் பதிலாகக் கையால் பிடித்துத் திருகக்கூடிய பெரிய குமிழ் உள்ள போல்ட்டைப் போடுவது, அவ்வளவுதான். சீட் போல்ட்டு பெரும்பாலும் எம்6 அல்லது எம்8 அளவில், அதாவது 6 அல்லது 8 மி.மீ. விட்டத்தில், இருக்கும். பொதுவாகக் கிடைக்கும் மரையில் எம்6-க்கு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ., எம்8-க்கு 1.25 மி.மீ. மரை இடைவெளி வேறாக உள்ள போல்ட்டைப் போட்டால் முதல் இரண்டு சுற்று போவது போலத் தெரியும், அப்புறம் மரையைத் தின்றுவிடும், அதனால் பழைய போல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரை மரையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நீளமும் பழையதைப் போலவே இருக்கட்டும். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு ஆழம் மரைக்குள் போக வேண்டும், ஒன்றரை மடங்கு போனால் இன்னும் நல்லது. நீளம் கூடினால் மறுபக்கம் வெளியே வந்து ஒயரை உரசும்.

கைத்திருகில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பானரால் முடுக்கும் அளவுக்குக் கையால் முடுக்க முடியாது, ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் அது மெல்ல மெல்லத் தளரும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது, உள்ளே நைலான் வளையம் வைத்து மரையை இறுகப் பிடிக்கும் நைலான் நட்டும், மரையில் தடவும் பசையான திரெட் லாக்கரும்தான். நைலான் நட் போட்டால் கையால் திருகவே முடியாது, திரெட் லாக்கரோ ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போட வேண்டும், அது தவிர சிலவகை பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாது. குமிழின் ஓரத்தில் 2 மி.மீ. துளை போட்டு, முடுக்கிய பிறகு ஒரு சிறு கம்பிக் கிளிப்பால் அந்தத் துளையைப் பக்கத்தில் உள்ள பட்டையோடு மாட்டிவிடுங்கள். குமிழ் தளர நினைத்தாலும் கிளிப் விடாது. இது செய்யாமல் வெறும் கைத்திருகை மட்டும் நம்பி நெடுந்தூரம் போக வேண்டாம் என்பேன்.

போல்ட்டு போய் உட்காரும் நட்டே மரை போயிருந்தாலோ தன் இடத்தில் சும்மா சுழன்றாலோ, அதை அகற்றிவிட்டு ரிவெட் நட் (துளைக்குள் வைத்து ரிவெட் போல நசுக்கிப் பிடிக்க வைக்கும் நட்) அடிக்கலாம். எம்6 ரிவெட் நட்டுக்குப் பொதுவாக 9 மி.மீ. துளை கேட்கும், ஆனாலும் வாங்கும் நட்டின் வெளி விட்டத்தை அளந்துவிட்டே துளையிடுங்கள். துளை பெரிதாகிவிட்டால் ரிவெட் நட்டும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த வழி, பின் என்கிற இரும்பு முளையும் அதைப் பிடிக்கும் கிளிப்பும். டிராக்டரில் கலப்பை மாட்டுகிற மாதிரிதான். சீட்டின் அடித்தட்டில் இருந்து ஒரு இரும்புப் பட்டை கீழே இறங்கும், பிரேமில் ஏற்கெனவே சீட் போல்ட்டுக்காக இருக்கும் துளையில் இன்னொரு பட்டையை முடுக்கியிருப்பீர்கள், இரண்டு பட்டையின் துளைகளும் நேராக வரும்போது 8 மி.மீ. தடிமனுள்ள பின்னை நுழைத்து அதன் முனையில் ஆர் வடிவக் கிளிப்பைப் போட்டுவிட வேண்டியதுதான். 3 மி.மீ. தடிமனுள்ள இரும்புப் பட்டை போதும். துளை பின்னைவிட ஒரு மயிரிழை அளவுதான் பெரிதாக இருக்க வேண்டும்.

முதல் தடவை நான் செய்தபோது சீட் கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது, கொஞ்ச நாளில் வட்டத் துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பின் இறுக்கம் இல்லாமல் சும்மா தொங்கினால் அப்படித்தான் ஆகும். சீட்டின் பின் ரப்பர் கால்களுக்கு அடியில் 2 மி.மீ. ரப்பர் தகடு ஒட்டினேன். இப்போது உள்ளங்கையால் சீட்டை அமுக்கினால்தான் துளைகள் நேராகின்றன, பின்னை நுழைத்துக் கையை எடுத்ததும் ரப்பர் சீட்டை மேலே தள்ளிப் பின்னை இறுக்கிக்கொள்கிறது. சத்தமும் போனது, தேய்மானமும் நின்றது. இந்த அமுக்கத்தைச் சரியாகக் கொண்டுவருவதில்தான் முழு வேலையும் இருக்கிறது, மீதி எல்லாம் வெறும் அறுப்பதும் துளையிடுவதும். ஒரு கையால் அமுக்கினால் பின் நுழைய வேண்டும், மேலே ஏறி நின்று அமுக்கினால்தான் நுழையும் என்றால் ரப்பர் அதிகம். ரப்பரை ஒட்டும்போது சீட் உயர்ந்து முன் நாக்கு வெளியே வந்துவிடவில்லையே என்றும் பாருங்கள்.

கிளிப்புக்குப் பதில் முனையில் சின்ன இரும்புக் குண்டு வைத்த பின்களும் கிடைக்கும். அதில் இரண்டு ரகம். ஒன்று, ஸ்பிரிங் மேல் நிற்கும் குண்டு, பலமாக இழுத்தால் வந்துவிடும். இன்னொன்று, நடுவில் உள்ள பொத்தானை அமுக்கினால்தான் குண்டு உள்ளே போகும். சீட்டுக்கு இரண்டாவது ரகம் மட்டுமே. எந்தப் பின்னாக இருந்தாலும் ஒரு துண்டு மெல்லிய கம்பிக் கயிற்றால் பிரேமோடு கட்டிவிடுங்கள், இருட்டில் கீழே விழுந்தால் தேட வேண்டியிருக்காது.

கால் சுற்றுத் திருகுகளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 1930-களில் வில்லியம் ட்ஸூஸ் என்பவர் உருவாக்கிய வகை, விமான மூடிகளிலும் பந்தய பைக்குகளின் உடல் மூடிகளிலும் இன்றும் இருப்பது, 90 பாகை திருப்பினால் திறந்துவிடும். ஒருவர் மட்டும் உட்காரும் மெல்லிய பந்தய சீட்டுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் அது எவ்வளவு தடிமனைப் பிடிக்க வேண்டும் என்பது துல்லியமாக அமைய வேண்டும், ரப்பரும் பஞ்சும் நசுங்கி மாறிக்கொண்டே இருக்கும் இரண்டு பேர் சீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, கொஞ்சம் பொறுமை இருப்பவர்களுக்கு உண்மையான பூட்டும் கேபிளும். பழைய வண்டியில் இருந்து கழற்றிய சீட் பூட்டு ஒன்றும், அதில் மாட்டும் யு வடிவக் கம்பியும், சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றும் வேண்டும். பூட்டைப் பிரேம் பக்கம் வையுங்கள், யு கம்பியை சீட் பக்கம். பூட்டை முடுக்கப் பிரேமில் புதிதாகத் துளை போடாதீர்கள். எடை தாங்கும் குழாயில் போடும் துளை ஒரு நாள் விரிசலின் தொடக்கமாகிவிடும். பழைய சீட் போல்ட்டு துளைகள் இரண்டையும் இணைத்து ஒரு குறுக்குப் பட்டை செய்து, பூட்டை அந்தப் பட்டையில் உட்கார வையுங்கள். பட்டையின் துளைகளை நீள்வட்டமாக ராவி வைத்தால் முன்னும் பின்னும் 3, 4 மி.மீ. நகர்த்தி இடம் பார்க்கலாம், இது இல்லாமல் யாருக்கும் ஒரே தடவையில் பொருந்தியதாக நான் பார்த்ததில்லை.

யு கம்பி எங்கே வர வேண்டும் என்று குறிக்க ஒரு சுலபமான வழி: பூட்டின் வாயில் கிரீஸ் தடவிவிட்டு, சீட்டை அதன் இடத்தில் இறக்கி அமுக்கி எடுங்கள், அடித்தட்டில் அச்சு விழுந்திருக்கும். தட்டு பிளாஸ்டிக் என்றால் வெறும் போல்ட்டும் சின்ன வாஷரும் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சீட் உறையின் பின்பக்க ஸ்டேப்பிள் பின்களை மட்டும் பிடுங்கி, உறையையும் பஞ்சையும் தூக்கி, உள்பக்கம் கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு வைத்து, தட்டு நடுவில் அகப்படுகிற மாதிரி போல்ட்டு போடுங்கள். போல்ட்டின் வழுவழுப்பான தலை பஞ்சுப் பக்கம், நட் கீழ்ப்பக்கம். இங்கே நைலான் நட் போடலாம், இதை அடிக்கடி கழற்றப்போவதில்லை.

கேபிளைக் கூர்மையாக மடக்காமல் பெரிய வளைவாகக் கொண்டுபோங்கள். பூட்டின் கைக்கும் (கேபிள் இழுத்துத் திறக்கும் நெம்புக்கும்) கேபிளுக்கும் நடுவே 2 மி.மீ. தளர்வு இருக்கட்டும். இறுக்கமாக வைத்தால் பூட்டு பாதி திறந்த நிலையிலேயே நின்று, ஒரு பள்ளத்தில் இறங்கும்போது விட்டுவிடும். இழுக்கும் முனையைப் பக்க மூடிக்குப் பின்னால், தெரிந்தவர் கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் வைத்தால் திருட்டுக்கும் ஓரளவு தடை. பின்னும் கிளிப்பும் வைத்திருப்பவர்கள் நிறுத்திவிட்டுப் போகும்போது கிளிப்புக்குப் பதில் அதே துளையில் நுழையும் ஒரு சின்னப் பூட்டைப் போடலாம்.

கேபிள் ஒரு நாள் அறும். அறுந்தால் சீட் திறக்காது, பேட்டரியும் உள்ளே, டூல்ஸும் உள்ளே. அதனால் பூட்டின் கையில் இன்னொரு மெல்லிய கம்பியையும் கட்டி, மட்கார்டின் உள்பக்கமாக டயரில் படாத இடத்துக்கு இறக்கி, நுனியை மடக்கிக் கட்டி வையுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பேட்டரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாம் புதிதாக வைக்கும் பட்டைகளும் பின்களும் இரும்பு, அவை பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் வந்தால் சீட் நசுங்கும் ஒரு நேரத்தில் தொட்டுவிடும், தொட்டால் தீப்பொறிதான். முனைக்கு ரப்பர் தொப்பி கட்டாயம். வேலையைத் தொடங்கும் முன் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், முடித்தபின் அதைக் கடைசியாக மாட்டுங்கள். வெல்டிங் தேவை என்றால் பட்டையைக் கழற்றி எடுத்துப்போய் வெளியே வெல்டு செய்யுங்கள், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வண்டியிலேயே வைத்துச் செய்யாதீர்கள். அறுத்த, துளையிட்ட விளிம்புகளை ராவிவிட்டுத் துரு பிடிக்காத பிரைமர் ஒரு கை அடியுங்கள்.

முடித்தவுடன் ஓட்டிப் பார்க்கத் தோன்றும், முதலில் நின்ற இடத்திலேயே சோதியுங்கள். சீட்டின் பின்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து வண்டியின் பின்பக்கத்தையே தூக்குவது போல இழுங்கள், பக்கவாட்டிலும் உலுக்குங்கள். பிறகு தனியாக, மெதுவாக, மேடு பள்ளமான பாதையில் ஒரு சுற்று. நட்டுகள் எல்லாவற்றிலும் நட்டையும் பட்டையையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவைத்தால், கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை பாருங்கள், கோடுகள் நகரவில்லை என்றால் அதற்கப்புறம் பின்னால் ஆளை ஏற்றலாம்.

கழற்றிய பழைய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றையும், அவற்றுக்கான ஸ்பானரையும், இரண்டு மாற்றுப் பியூஸையும் ஒரு பையில் சுற்றி, சீட்டுக்கு அடியில் இல்லாமல் வேறு எங்காவது, பக்க மூடிக்குள் இடம் இருந்தால் அங்கே, வையுங்கள்.