எர்த் ஃபால்ட் ரிலேயின் வாயை அடைக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் 11 கே.வி. லைன்களில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில் மட்டை விழுந்து கரண்ட் போவது எல்லாருக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தில், சொந்தப் பேனலில் எர்த் ஃபால்ட் ரிலே (கரண்ட் தரைக்குப் போனால் உணர்ந்து லைனை நிறுத்த வைக்கும் கருவி) அடித்தாலும் 'காத்துதான்' என்று சொல்லி செட்டிங்கை, அதாவது எத்தனை கரண்ட்டில் அடிக்க வேண்டும் என்ற அளவை, ஏற்றிவிடுகிறார்கள். வேலந்தாவளம் பக்கம் ஒரு மில்லில் 20 சதவீதத்தில் இருக்க வேண்டியதை 80-இல் பார்த்தேன். இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை.

கணக்குப் போட்டால் புரியும். 11 கே.வி.யில் ஒரு ஃபேஸுக்கும் தரைக்கும் நடுவே சுமார் 6,350 வோல்ட். கம்பி அறுந்து விழுந்த இடத்தில் 100 ஓம் தடை இருந்தால் ஓடுவது 63 ஆம்பியர். லைன் கரண்ட்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) 200/5, அதாவது லைனில் 200 ஆம்பியர் என்றால் ரிலேக்கு 5; ஓவர்கரண்ட் ரிலே 200 ஆம்பியரில் நிற்கிறது, அதற்கு இது தெரியவே தெரியாது. எர்த் ஃபால்ட் ரிலே அந்த 200-இல் 20 சதவீதம் என்றால் 40 ஆம்பியரிலேயே பிடித்துவிடும். 80 என்றால் 160. கம்பி தரையில் கிடந்து எரிந்துகொண்டே இருக்கும்.

'ஃபேஸ்களில் லோடு ஏறுமாறாக இருக்கிறது, அதனால்தான் அடிக்கிறது' என்பார்கள். எல்.டி. (குறைந்த வோல்ட்) பக்கம் அது நடக்கும். நியூட்ரலிலும் ஒரு சி.டி. போட்டால் தீரும். ஆனால் 11 கே.வி. பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் டெல்டா (மூன்று சுருளும் முக்கோணமாக இணைந்தது), நியூட்ரல் கிடையாது. லோடு எப்படி இருந்தாலும், ரிலே பார்க்கும் மூன்று ஃபேஸ் கரண்ட்டின் கூட்டல் பூஜ்யம்தான். அங்கே ரிலே அடித்தால் வேறு காரணம் இருக்கிறது.

அந்த மில்லில் காரணம், ஒரு சி.டி.யின் எஸ்1, எஸ்2 (ரிலேக்குப் போகும் இரண்டு முனைகள்) மாறியிருந்தது. ஒன்று தலைகீழானால் ரிலேக்குப் போவது லோடு கரண்ட்டின் இரண்டு மடங்கு. ராத்திரி 15 ஆம்பியர் லோடுக்கு 30, தப்பித்தது. பகலில் 70 ஆம்பியர் ஏறியதும் 140. 80 சதவீதத்தில் வைத்ததும் நின்றது, எல்லாரும் நிம்மதியானார்கள். இரண்டு வயரை மாற்றிப் போட்டு, செட்டிங்கைப் பழையபடி 20-க்குக் கொண்டுவந்தோம்.

கேபிளுக்கு கோர் பேலன்ஸ் சி.டி. (மூன்று ஃபேஸையும் சேர்த்துச் சுற்றும் ஒரே வளையம்) போட்டால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் கேபிளின் ஆர்மரும் (உலோகக் கவசம்) வளையத்துக்குள் போகிறதா என்று பாருங்கள். போனால், கேபிள் முனையைப் பிடிக்கும் கிளாண்டிலிருந்து வரும் எர்த் வயரை அதே வளையத்துக்குள் திருப்பி இறக்கி, அப்புறம்தான் எர்த் பாரில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கோரில் (உள்கம்பியில்) போகும் ஃபால்ட் கரண்ட் ஆர்மர் வழியே திரும்பி வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்; சி.டி.க்கு ஒன்றும் தெரியாது.

சி.டி. செகண்டரிக்கு (ரிலே பக்கத்துக்கு) எர்த் ஒரே இடத்தில்தான். யார்டில் ஒன்று, பேனலில் ஒன்று என்று கட்டினால் காரணமே இல்லாமல் அடிக்கும்.

சோதனையிலும் தவறு நடக்கிறது. ரிலேயின் பின்னால் கரண்ட் கொடுத்துப் பார்த்தால் ரிலே நன்றாக இருப்பது மட்டும்தான் தெரியும். சி.டி. வயரிங் பிழை, பிரைமரியில் (லைன் பக்கத்தில்) கரண்ட் செலுத்தினால்தான் வெளியே வரும்.

சரி, எல்லாம் சரியாக இருந்தாலும் கோடையில் காய்ந்த பாறைமேல் கம்பி விழுந்தால் தடை 1,000 ஓமுக்கும் மேலே போகலாம். அப்போது ஓடுவது 6 ஆம்பியர்தான். சாதாரண ரிலே எதுவும் அதைப் பிடிக்காது. தோப்பில் கம்பி கிடந்தால், தீப்பொறி இல்லாவிட்டாலும் கிட்டே போகாமல், ஆட்களையும் ஆடுமாடுகளையும் விலக்கிவிட்டு மின்வாரியத்தின் 1912-க்குக் கூப்பிடுங்கள்.