‘லீட்’ – எங்கே, எப்படி?

முன்னணி, முந்திய நிலை என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல் ‘லீட்’. பந்தயத்தில் ஒருவர் முதலில் ஓடிக்கொண்டிருந்தால் ‘இன் த லீட்’. ‘இன்’ முக்கியம், ‘ஆன் த லீட்’ என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருப்பதாக அர்த்தமாகிவிடும்! பின்தங்கியிருந்தவர் முந்தினால் ‘டேக் த லீட்’. ஒரு வேலையை முன்னின்று நடத்துவதற்கும் இதுவே.

எவ்வளவு முன்னிலை என்று சொல்லும்போது கவனம் தேவை. வினைச்சொல்லுடன் ‘பை’ வரும்: ‘தே லீட் பை 3 கோல்ஸ்’. பெயர்ச்சொல்லுடன் ‘ஆஃப்’ வரும்: ‘எ லீட் ஆஃப் 40 ரன்ஸ்’. யாரைவிட என்பதற்கு ‘ஓவர்’.

அதிகம் சறுக்குவது இறந்தகாலத்தில்தான். அதன் உச்சரிப்பு ‘லெட்’, எழுத்துகள் எல், ஈ, டி மட்டும். நடுவில் ‘ஏ’ சேர்த்தால் அது நிகழ்காலம், அல்லது காரீயம். காரீயத்துக்கும் உச்சரிப்பு ‘லெட்’ என்பதால் குழப்பம் கூடுகிறது. போதாததற்கு ‘ரீட்’ என்ற வினை இறந்தகாலத்திலும் எழுத்து மாறாமல் ‘ரெட்’ என ஒலிக்கிறது. அதே பழக்கத்தில் ‘லீட்’டின் இறந்தகாலத்தையும் ‘ஏ’ சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். ‘ஏ’ உள்ளது, இல்லாதது இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் இதைக் காட்டிக்கொடுக்காது.