முன்கண்ணாடி கழுவும் தண்ணீர் ஒழுகினால்: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சோளகக் காற்று எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண் தூசியும், கடலோர வீதிகளில் உப்புப் படலமும் காரின் முன்கண்ணாடியில் நாள்தோறும் படிகின்றன. அவற்றைத் தண்ணீர் தெளிக்காமல் வைப்பரால் மட்டும் துடைத்தால் மண்துகள்கள் கண்ணாடியைக் கீறிவிடும். அந்தக் கீறல்கள் இரவில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சத்தைச் சிதறடித்து, வீதியோரம் சைக்கிளில் வருபவரைக்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். ஆகவே வாஷர் தண்ணீர் ஒழுகுவதைச் சிறு குறை என்று தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலும் அதை வீட்டு முற்றத்திலேயே, அதிக செலவில்லாமல் திருத்திக்கொள்ளலாம்.

காரின் கீழே ஈரம் கண்டவுடன் அது வாஷர் தண்ணீர்தான் என்று முடிவு செய்யவும் கூடாது. ஏசி ஓடிய கார் நின்றதும், பெரும்பாலும் இடப்பக்கத்து முன் இருக்கைப் பக்கமாகக் கீழே சொட்டுகிற நிறமற்ற தண்ணீர் இயல்பானது. அது குளிரில் திரண்ட ஈரமேயன்றிக் கோளாறு அல்ல. பச்சை, சிவப்பு, நீலம் என ஏதேனும் நிறத்தோடு, விரலில் தொட்டால் வழுவழுப்பாகவும் சற்று இனித்த மணத்தோடும் இருந்தால் அது றேடியேற்றர் குளிர்திரவமாக இருக்கலாம். அப்படியானால் காரை ஓட்டாமல் உடனே கராஜுக்குச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால், வாஷர் தாங்கியில் உணவுக்குப் போடும் நிறத்தூளைச் சிட்டிகையளவு கலந்துவிட்டால், ஒழுகும் தண்ணீரின் நிறமே பதிலைச் சொல்லிவிடும். தாங்கி வற்றியிருக்கும்போது வாஷர் பிடியை அழுத்திப் பார்க்காதீர்கள். தாங்கியிலிருந்து தண்ணீரைத் தள்ளும் மோட்டார், தண்ணீரின்றி ஓடினால் விரைவில் பழுதாகும்.

இனி, எதையும் கழற்றுவதற்கு முன் விடை காணவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: தண்ணீர் எப்போது ஒழுகுகிறது? கார் சும்மா நிற்கும்போதா, வாஷரை அழுத்தும்போது மட்டுமா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் வேலையில் பாதி முடிந்துவிடும். மாலையில் தாங்கியை நிரப்பி, மட்டம் தெரியும் இடத்தில் ஒட்டுநாடாவால் அடையாளமிட்டு, கீழே காய்ந்த மட்டைப்பெட்டி ஒன்றை விரித்து, இரவு முழுவதும் காரைச் சமதரையில் விட்டுவையுங்கள். காலையில் மட்டம் குறைந்து ஓரிடத்தில் நின்றிருந்தால், வெடிப்பு அநேகமாக அந்த உயரத்தில்தான் இருக்கும். முற்றாக வற்றியிருந்தால் குறை தாங்கியின் அடியில் இருக்கும். மட்டம் சிறிதும் மாறவில்லையென்றால், தாங்கியை விட்டுவிட்டுக் குழாய்களைத் தேடலாம்.

பல கார்களில் தாங்கி முன் பம்பருக்கும் முன் சில்லுக்கும் இடையில், சில்லின் உட்புறப் பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுவதும் வெட்டினால், அந்த மறைப்பின் கிளிப்புகளைக் கழற்றி விலக்குவதற்கு வேண்டிய இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். காரைத் தூக்கவே வேண்டியிருந்தால், ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாமல் தாங்குகட்டைகளையும் வையுங்கள். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் உறையுள்ள வயர்களைத் தொடக் கூடாது.

தாங்கியின் அடிப்பக்கத்தில் மோட்டார் ஓர் இறப்பர் வளையத்துக்குள் செருகப்பட்டிருக்கும். பழைய கார்களில் அடிக்கடி ஒழுகும் இடம் இதுவே. எங்கள் ஊர் வெக்கையில் இறப்பர் இறுகி, சுருங்கி, ஓரத்தில் வெடித்துவிடுகிறது. தண்ணீரை வாளியில் வடித்துவிட்டு, வயர்ச்சொருகியைக் கழற்றி, மோட்டாரை மெல்ல அசைத்து மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். புது வளையத்தைத் தண்ணீரில் நனைத்து மாட்டுங்கள். எண்ணெய் பூசினால் இறப்பர் ஊதிப்போகலாம். தாங்கியே வெடித்திருந்தால் சாதாரணப் பசைகளை நம்ப வேண்டாம். பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகளில் அவை பிடிப்பதில்லை. அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். அதைவிட, பாவித்த தாங்கி ஒன்றை வாங்கி மாற்றுவதே நல்லது. உள்ளூரில் கிடைக்காவிட்டால், கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து எடுப்பிக்கலாம்.

வாஷரை அழுத்தும்போது மட்டும் ஒழுகினால், ஒருவர் பிடியை அழுத்த, மற்றவர் பொனற்றைத் திறந்து மோட்டாரிலிருந்து, கண்ணாடியில் தண்ணீர் தெளிக்கும் முனையான நொசில் வரை குழாயைக் கண்ணால் தொடர்ந்துவர வேண்டும். பொனற் மடியும் கீல் அருகே குழாய் நாளடைவில் வெடிக்கும். இரு கிளைகளாகப் பிரியும் இணைப்புக் கழன்றிருக்கும். எலி கடித்த பல்தடமும் தெரியலாம். கடிபட்ட துண்டை நேராக வெட்டி எடுத்து, அதே உட்குறுக்களவுள்ள புதுக் குழாயை மாட்டுங்கள். பழைய துண்டையே கடைக்குக் கொண்டுபோய் அளந்து வாங்குவது நல்லது. ஒட்டுநாடா சுற்றுவது சில நாட்களுக்கே தாங்கும். பின்கண்ணாடிக்கும் வாஷர் உள்ள கார்களில் ஒரு குழாய் உள்ளே கூரையோரமாகவோ தரையோரமாகவோ செல்வதால், காரணமின்றி விரிப்பு நனைந்திருந்தால் அதையும் பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இணைப்பு கழன்றது கண்ணில் பட்டதும் அதைத் திரும்பச் செருகிவிட்டு வேலை முடிந்ததென்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். சில நாட்களில் அது மீண்டும் கழன்றுவிடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய வாஷரின் நொசில் துளையிலும் படிந்து அதை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத தண்ணீர், குழாயின் மிகப் பலவீனமான இணைப்பைப் பிரித்துக்கொண்டு வெளியேறுகிறது. ஆகவே அடைப்புத்தான் மூலம், ஒழுக்கு அதன் விளைவு. நொசிலைக் கழற்றி வினாகிரியில் சில மணிநேரம் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் துளையைச் சுத்தமாக்கி, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். வினாகிரி பெயின்ற்றில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள். இனிமேல் தாங்கிக்குக் கிணற்றுத் தண்ணீரை விடாமல், பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரையோ, மாரியில் சேமித்து வடிகட்டிய மழைநீரையோ, கடையில் விற்கும் வாஷர் திரவத்தையோ விடுங்கள். உடுப்புக்குப் போடும் சவர்க்காரத்தூள் வேண்டாம்; அதன் கசடும் துளையை அடைக்கும்.

எல்லாம் மாட்டியபின், மறைப்பைப் பூட்டுவதற்கு முன்பே தாங்கியை நிரப்பி வாஷரைச் சில தடவை அழுத்திப் பார்த்து, ஒட்டுநாடா அடையாளத்தோடு இன்னோர் இரவு விட்டுவையுங்கள். மட்டம் குறையாவிட்டால் மறைப்பின் கிளிப்புகளை ஒன்றும் விடாமல் பூட்டி, ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுவதும் வெட்டி, ரயர் மறைப்பில் உரசவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே காரை வீதிக்கு எடுங்கள்.